ஜப்பானில் அரிசி ஏன் அரசியல் ஆகிறது?

2025 மே மாதம் ஜப்பானின் வேளாண் அமைச்சர் டாக்கு எட்டோ பதவி விலகினார். அரிசியைப் பற்றி அவர் பேசிய ஒரு பேச்சுதான் காரணம். சாகா என்ற ஊரில் நடந்த கட்சி நிகழ்ச்சியில், தான் அரிசியைக் காசு கொடுத்து வாங்கியதே இல்லை, ஆதரவாளர்கள் தரும் அரிசி விற்கும் அளவுக்கு வீட்டில் இருக்கிறது என்று சொன்னார். கொஞ்சம் மிகைப்படுத்திப் பேசிவிட்டேன் என்று பிறகு விளக்கம் தந்தும் பலனில்லை. பேசிய மூன்றாம் நாள் அவர் பதவியில் இல்லை.

அந்த நேரத்தில் ஜப்பான் கடைகளில் 5 கிலோ அரிசிப் பை 4,200 யென்னைத் தாண்டியிருந்தது. நம் பணத்தில் 2,400 ரூபாய்க்கு மேல். ஓராண்டுக்கு முன் அதே பை சுமார் 2,100 யென். ஒரே ஆண்டில் விலை இரண்டு மடங்கு. வீட்டுக்காரர்கள் பையைக் கையில் எடுத்து, விலையைப் பார்த்துத் திரும்ப வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அமைச்சர் இப்படிப் பேசினார்.

கார், ரயில், மின்னணுப் பொருள் என்று உலகுக்கு விற்கும் பணக்கார நாடு, சொந்த மக்களுக்கு அரிசி தர ஏன் தடுமாறியது? மழை பொய்த்தது, வெயில் அதிகம் என்று மட்டும் சொன்னால் பாதி விடைதான் கிடைக்கும். மீதிப் பாதி அந்த நாட்டின் ஓட்டுப் பெட்டியிலும், கூட்டுறவுச் சங்கத்திலும், குடும்ப அமைப்பிலும் இருக்கிறது. நெல் பயிரிடும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

நெல் வழியாக ஜப்பானோடு நமக்குப் பழைய உறவு ஒன்றும் உண்டு. 1950-களில் ‘ஜப்பானிய முறை நெல் சாகுபடி’ என்று வரிசை நடவும் மேட்டுப்பாத்தி நாற்றங்காலும் இந்தியா முழுவதும் பரப்பப்பட்டன. 1965-ல் வெளியான ஆடுதுறை 27 ரகம், ஜப்பானின் நோரின் 10 நெல்லையும் நம் ஜி.இ.பி. 24 நெல்லையும் ஒட்டுச் சேர்த்து உருவானது. விளைச்சலைக் கூட்டும் வழியை நாம் ஜப்பானிடம் தேடிக்கொண்டிருந்த அதே காலத்தில், ஜப்பான் விளைச்சலைக் குறைக்கும் வழியைத் தேடத் தொடங்கியிருந்தது.

சோறு என்றால் சாப்பாடு

ஜப்பானிய மொழியில் ‘கோஹன்’ என்றால் சோறு. அதுவே சாப்பாட்டுக்கும் பெயர். காலைச் சாப்பாடு என்பதை ‘காலைச் சோறு’ என்றுதான் சொல்வார்கள், தட்டில் ரொட்டி இருந்தாலும். சாப்பிட்டாயா என்பதற்குச் சோறு தின்றாயா என்று கேட்கும் நமக்கு இது எளிதில் புரியும்.

சாமுராய்கள் ஆண்ட காலத்தில் ஒரு பிரபுவின் செல்வத்தைப் பணத்தால் அளக்கவில்லை. அவர் நிலத்தில் எத்தனை ‘கோக்கு’ அரிசி விளையும் என்று அளந்தார்கள். ஒரு கோக்கு என்பது ஏறக்குறைய 150 கிலோ. ஓர் ஆள் ஓராண்டு சாப்பிடும் அரிசி என்பது கணக்கு. வரியும் அரிசியாகவே வசூலிக்கப்பட்டது. இன்றும் ஜப்பான் பேரரசர் அரண்மனை வளாகத்து வயலில் தானே இறங்கி நாற்று நடுகிறார், தானே அறுக்கிறார். 1927-ல் தொடங்கிய வழக்கம் இது. நவம்பர் 23-ல் புதிய அரிசியைத் தெய்வத்துக்குப் படைக்கும் சடங்கை அவர் நடத்துகிறார். அந்த நாள் இப்போது உழைப்புக்கு நன்றி சொல்லும் தேசிய விடுமுறை.

ஊரில் நெல் விளைவிக்கும் பெற்றோர் நகரத்திலுள்ள பிள்ளைகளுக்கும் உறவினருக்கும் அரிசி அனுப்புவது அங்கே சாதாரண வழக்கம். அந்த அரிசிக்குத் தனிப் பெயரே உண்டு. அரசியல்வாதிக்கு ஆதரவாளர் அரிசி தருவதும் இந்த வழக்கத்தின் நீட்சிதான். அதனால்தான் எட்டோவின் பேச்சு அவ்வளவு உறுத்தியது. உறவினர் ஊரில் இல்லாத நகரத்துக் குடும்பம் கடையில் வாங்கித்தான் ஆக வேண்டும்.

அரிசி விலை அங்கே ஆட்சியைக் கவிழ்த்ததும் உண்டு. 1918 கோடையில் தொயாமா மாகாணத்து உவோசு கடற்கரையில் மீனவர் வீட்டுப் பெண்கள், தங்கள் ஊர் அரிசியை வெளியூருக்குக் கப்பலேற்ற விடாமல் மறித்தார்கள். அந்தப் போராட்டம் நாடு முழுவதும் கலவரமாகப் பரவியது. பிரதமர் தெராவுச்சியின் அரசு விழுந்தது. அடுத்து வந்த ஹாரா தகாஷி, பிரபுப் பட்டம் இல்லாமல் கட்சித் தலைவராக இருந்து பிரதமரான முதல் ஆள். ஜப்பானின் கட்சி ஆட்சி வரலாற்றில் அந்தப் பெண்களுக்கும் இடமுண்டு.

குத்தகைதாரர் நிலக்காரர் ஆனார்

இரண்டாம் உலகப் போருக்கு முன் ஜப்பானில் சாகுபடி நிலத்தில் ஏறக்குறைய 46 சதவீதம் குத்தகையில் இருந்தது. விளைச்சலில் பெரும்பங்கு நிலக்கிழாருக்குப் போனது. போரில் தோற்ற பிறகு, அமெரிக்கப் படையின் மேற்பார்வையில் 1946 முதல் 1950 வரை நிலச் சீர்திருத்தம் நடந்தது. ஊரில் குடியில்லாத நிலக்கிழாரின் குத்தகை நிலம் முழுவதையும் அரசு வாங்கி, உழுதவருக்கே விற்றது. ஊரில் இருந்தவரும் சுமார் 1 ஹெக்டேருக்கு மேல் குத்தகைக்கு விட முடியாது. சில ஆண்டுகளில் குத்தகை நிலம் 10 சதவீதமாகச் சுருங்கியது.

இதனால் லட்சக்கணக்கான சிறு நிலக்காரர்கள் உருவானார்கள். நிலம் கிடைத்தவர்கள் புரட்சி பேசவில்லை. நிலத்தைத் தந்த அமைப்பு நிலைக்க வேண்டும் என்று ஓட்டுப் போட்டார்கள். 1955-ல் உருவான லிபரல் ஜனநாயகக் கட்சி இடையில் சில ஆண்டுகள் தவிர இன்றுவரை ஆட்சியில் இருப்பதற்குக் கிராமத்து ஓட்டு ஒரு பெரிய தூண்.

அந்த ஓட்டைக் கட்டிச் சேர்த்தது 1947 சட்டத்தின்கீழ் வந்த வேளாண் கூட்டுறவு. சுருக்கமாக ‘ஜே.ஏ.’ என்பார்கள். விதை, உரம், மருந்து, டிராக்டர் விற்பது அதுதான். நெல்லை வாங்கி விற்பதும் அதுதான். சேமிப்பு வங்கி, கடன், காப்பீடு, பெட்ரோல் நிலையம், சில ஊர்களில் ஈமச்சடங்குக் கூடம்கூட அதன் கையில். நம் ஊர் தொடக்கக் கூட்டுறவுச் சங்கம், உரக்கடை, வங்கிக் கிளை, கொள்முதல் நிலையம், காப்பீட்டு முகவர் எல்லாம் ஒரே பலகையின் கீழ் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் வங்கியில் இருக்கும் வைப்புத்தொகை 100 லட்சம் கோடி யென்னுக்கு மேல். உறுப்பினர் 1 கோடிக்கு மேல். ஆனால் அவர்களில் விவசாயிகளைவிட, வங்கிக்கும் காப்பீட்டுக்கும் சேர்ந்த மற்றவர்களே இப்போது அதிகம். இந்த விவரத்தை மனதில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

இன்னொரு காரணமும் சேர்ந்தது. மக்கள் நகரத்துக்குக் குடிபெயர்ந்தபோது தொகுதி எல்லைகள் அதே வேகத்தில் மாறவில்லை. 1972 தேர்தலில் ஒரு கிராமத் தொகுதி வாக்காளரின் ஓட்டு, நகரத் தொகுதி வாக்காளரின் ஓட்டைப்போல ஏறக்குறைய 5 மடங்கு மதிப்புப் பெற்றிருந்தது. அது அரசமைப்புக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் 1976-ல் தீர்ப்பளித்தது. அதன் பிறகு இடைவெளி குறைந்தாலும் முழுதாக மறையவில்லை. மேலவைத் தேர்தலில் ஒரே ஓர் இடம் உள்ள 32 தொகுதிகள் பெரும்பாலும் கிராமப்புற மாகாணங்கள். யார் வெல்வார் என்பதை அவையே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

விளைவிக்காமலிருக்கப் பணம்

போர்க்காலத்தில், 1942-ல் வந்த உணவுக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அரசே அரிசியை வாங்கி அரசே விற்றது. 1960 முதல் கொள்முதல் விலையைத் தொழிற்சாலைத் தொழிலாளியின் கூலியோடு ஒப்பிட்டு நிர்ணயித்தார்கள். நகரத்தில் கூலி ஏற ஏறக் கிராமத்தில் நெல் விலையும் ஏறியது. ஆண்டுதோறும் விலை நிர்ணய நேரத்தில் கூட்டுறவுத் தலைவர்கள் டோக்கியோவில் திரண்டு கோஷமிடுவார்கள், எம்.பி.க்கள் அவர்களுக்காக நிதி அமைச்சகத்தோடு மல்லுக்கட்டுவார்கள்.

விலை நன்றாக இருந்ததால் விளைச்சல் பெருகியது. 1960-களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு 140 லட்சம் டன் அரிசி விளைந்தது. ஆனால் மக்கள் சோற்றைக் குறைக்கத் தொடங்கியிருந்தார்கள். 1962-ல் ஓர் ஆள் ஆண்டுக்கு 118 கிலோ அரிசி சாப்பிட்டார். இன்று அது 50 கிலோ அளவில் நிற்கிறது. ரொட்டி, நூடுல்ஸ், இறைச்சி, பால் அந்த இடத்தைப் பிடித்தன. அரசுக் கிடங்கில் பழைய அரிசி மலையாகக் குவிந்தது. அரசு அதிக விலைக்கு வாங்கிக் குறைந்த விலைக்கு விற்றதால் நஷ்டமும் குவிந்தது.

பொருளாதாரப் பாடப்படி விலையைக் குறைக்கலாம். ஆனால் அது ஓட்டைக் குறைக்கும். அதனால் 1970 முதல் ‘கென்டான்’ என்ற திட்டம் வந்தது. பொருள்: பரப்புக் குறைப்பு. ஒவ்வொரு மாகாணத்துக்கும், ஊருக்கும், கடைசியில் ஒவ்வொரு வீட்டுக்கும் இவ்வளவு வயலில்தான் நெல் என்று ஒதுக்கீடு. மீதி வயலில் கோதுமை, சோயா, தீவனப் பயிர் போட்டால் மானியம். ஊரில் ஒருவர் மட்டும் ஒதுக்கீட்டை மீறினால் ஊருக்கே சலுகை பாதிக்கப்படலாம். வாய்க்கால் நீரை ஊரே கூடிப் பங்கிடும் சமூகத்தில் இந்தக் கட்டுப்பாடு சட்டத்தைவிட உறுதியாக வேலை செய்தது. அண்டை வீட்டாரின் பார்வையே காவல்.

2018-ல் அரசு ஒதுக்கீடு செய்வது முறைப்படி முடிந்தது. ஆனால் வழிகாட்டும் அளவு தொடர்ந்து வெளியானது. நெல்லை விட்டு வேறு பயிருக்கு மாறினால் கிடைக்கும் மானியமும் தொடர்ந்தது. உணவு அரிசிக்குப் பதிலாகக் கால்நடைத் தீவன அரிசி விளைவித்தால் கால் ஏக்கருக்கு அதிகபட்சம் 1 லட்சம் யென் அளவுக்குப் பணம். திட்டத்தின் பெயர் போனது, வேலை போகவில்லை என்று விமர்சகர்கள் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விவசாயி

இத்தனை பாதுகாப்பும் யாரைக் காத்தது? இதற்குப் பதில் ஜப்பானியக் குடும்பத்தில் இருக்கிறது.

1960-களில் தொழிற்சாலைகள் ஆளைக் கூப்பிட்டபோது வீட்டு ஆண் வேலைக்குப் போனார். வயலைத் தாத்தாவும் பாட்டியும் அம்மாவும் பார்த்தார்கள். மூவரையும் ஜப்பானியர் செல்லமாக அழைப்பது ஜீச்சான், பாச்சான், காச்சான். இதை வைத்து ‘மூன்று ச்சான் வேளாண்மை’ என்றே அந்தக் காலத்தில் பெயர் வந்தது. பிறகு நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்தன. நெல்லுக்குச் சனி, ஞாயிறு போதும் என்றாயிற்று. அலுவலகச் சம்பளம், கூடவே ஒரு ஹெக்டேர் நெல்: இதுதான் சராசரி நெல் விவசாயியின் வாழ்க்கை. நிலம் மூதாதையர் சொத்து, விற்பது அவமானம். என்றாவது சாலையோ கட்டடமோ வந்தால் விலை போகும் என்ற எதிர்பார்ப்பும் உண்டு.

கூட்டுறவுக்கும் இவர்கள் நல்ல உறுப்பினர்கள். சம்பளம் அதன் வங்கியில் விழும், கார் காப்பீடு அங்கேயே, உரமும் அங்கேயே. ஆளும் கட்சிக்கு ஓட்டு எண்ணிக்கை. இப்படி அரசியல்வாதி, கூட்டுறவு, பகுதிநேர விவசாயி மூவருக்கும் பரப்புக் குறைப்பு ஒத்துப்போனது. நெல்லை மட்டுமே நம்பி, நிலத்தைப் பெருக்கிச் செய்ய நினைத்த முழுநேர விவசாயிக்குத்தான் அது தடையானது.

கணக்கைப் பாருங்கள். 60 கிலோ பழுப்பரிசி விளைவிக்கச் சராசரிச் செலவு சுமார் 15,000 யென். 2021 அறுவடைக்கு 60 கிலோவுக்குக் கிடைத்த விலை 13,000 யென்னுக்கும் கீழே. 2022-ல் நெல் பண்ணைகளின் சராசரி வருமானத்தை உழைத்த நேரத்தால் வகுத்தால் மணிக்கு 10 யென் வருகிறது என்று வேளாண் அமைச்சகப் புள்ளிவிவரத்தை வைத்தே கணக்கிட்டார்கள். அதாவது ஆறு ரூபாய். பரப்பைக் குறைத்து விலையைக் காத்தும், சிறு பண்ணைக்குச் செலவுகூடக் கட்டவில்லை.

விளைவு வயதில் தெரிகிறது. வேளாண்மையை முதன்மைத் தொழிலாகச் செய்பவர்கள் 2000-ல் 24 லட்சம். 2024-ல் 11 லட்சம். அவர்களின் சராசரி வயது 69. விலையைக் காத்த கொள்கை அடுத்த தலைமுறையைக் காக்கவில்லை.

2025 மார்ச் 30 அன்று டோக்கியோவின் நடுவில் விவசாயிகள் டிராக்டர் ஓட்டி ஊர்வலம் போனார்கள். பழைய காலத்து உழவர் கிளர்ச்சியின் பெயரையே அதற்கு வைத்தார்கள். விலையை ஏற்று என்பது அவர்கள் முதல் கோரிக்கை அல்ல. விவசாயிக்கு நேரடி வருமானப் பாதுகாப்பு கொடு என்றார்கள். அவர்களைப் பார்த்து நகரத்து மக்கள் கைதட்டினார்கள். இது புதிய கூட்டணி.

வயலில் நிறைவு, ஆலையில் குறைவு

இப்போது 2023-க்கு வருவோம். உழவியல் படித்தவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

அந்தக் கோடையில் ஜப்பானில் வரலாறு காணாத வெப்பம். கதிர் வெளிவந்த பின் வரும் 20 நாள், பால் பிடித்து மணி முற்றும் காலம். அந்த நாள்களில் சராசரி வெப்பம் 26, 27 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஜப்பானிய ரகங்களில் மாவுச்சத்து நெருக்கமாக அடுக்கப்படாது. மணி கண்ணாடிபோல இல்லாமல் வெள்ளையாக, சுண்ணாம்பு பூசியதுபோல ஆகும். சமைத்தால் சுவை குறையும், ஆலையில் தீட்டினால் உடையும். நீகாட்டா மாகாணத்தின் கோஷிஹிகாரி நாடு முழுவதும் பெயர் பெற்ற ரகம். அங்கே அந்த ஆண்டு முதல் தரம் பெற்ற கோஷிஹிகாரி 5 சதவீத அளவுதான்.

ஆனால் வயலில் எடை குறையவில்லை. விளைச்சல் குறியீடு 101, அதாவது ‘சராசரி’ என்றே அறிவிக்கப்பட்டது. அந்த எண் பழுப்பரிசியை எடை போட்டது. வெள்ளையரிசி எவ்வளவு தேறியது என்பதைச் சொல்லவில்லை. அதே பழுப்பரிசியில் குறைவான வெள்ளையரிசியே தேறியதால், அதே குடும்பங்களுக்குச் சோறு போட அதிகப் பழுப்பரிசி தேவைப்பட்டது. ரொட்டியும் நூடுல்ஸும் விலை ஏறியதால் சிலர் சோற்றுக்குத் திரும்பினார்கள். சுற்றுலாப் பயணிகளும் பெருகினார்கள். ஆண்டுக்குச் சுமார் 68 லட்சம் டன் போதும் என்று அமைச்சகம் போட்ட கணக்கு தவறியது. தேவை 70 லட்சம் டன்னைத் தாண்டியது. விளைந்ததோ 66 லட்சம் டன். 2024 ஜூன் இறுதியில் தனியார் கையிருப்பு 1999-க்குப் பிறகு மிகக் குறைந்த அளவுக்கு, சுமார் 15 லட்சம் டன்னுக்கு வந்தது.

2024 ஆகஸ்ட் 8 அன்று தென்மேற்கில் நிலநடுக்கம். பெரும் நிலநடுக்கம் வரக்கூடும் என்று அரசு எச்சரிக்கை விடுத்தது. மக்கள் அரிசியை வாங்கி அடுக்கினார்கள். கடை அலமாரிகள் காலியாயின. புது அரிசி வந்தால் விலை இறங்கும் என்றது அமைச்சகம். இறங்கவில்லை. வணிகர்களும் உணவகங்களும் அறுவடைக்கு முன்பே விவசாயியிடம் நேரில் போய் விலை பேசினார்கள். கூட்டுறவுக்கு வரும் வரத்து குறைந்தது.

பல ஆண்டுகளாகத் தேவைக்குச் சரியாகத் தைத்த சட்டையாக உற்பத்தியை வைத்திருந்தார்கள். ஒரு கோடை வெப்பம் அதைக் கிழித்துவிட்டது.

கிடங்கு திறந்தது, கட்சி தோற்றது

1993-ல் கடும் குளிரால் விளைச்சல் சராசரியில் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. தாய்லாந்து, சீனா, அமெரிக்கா என்று கிடைத்த இடத்திலெல்லாம் அரிசி வாங்கினார்கள். அந்தப் பாடத்தில் பிறந்தது 1995 முதல் உள்ள அரசு இருப்பு, சுமார் 10 லட்சம் டன். பஞ்சத்துக்கென்று வைத்த அந்த அரிசியை, விலை ஏற்றத்துக்காக 2025 மார்ச்சில் ஏலம் விட்டார்கள். முதல் ஏலங்களில் 90 சதவீதத்துக்கு மேல் எடுத்தது கூட்டுறவின் தேசிய விற்பனை அமைப்பு. அரிசி கடைக்கு வந்து சேரப் பல வாரங்கள் ஆயின. விலை அசையவில்லை.

எட்டோவுக்குப் பின் வந்த ஷின்ஜிரோ கொய்சுமி ஏலத்தை நிறுத்தி, கூட்டுறவைத் தாண்டி, இருப்பு அரிசியைச் சில்லறைக் கடைகளுக்கு நேரடியாக விற்றார். 5 கிலோ சுமார் 2,000 யென். விற்பனை தொடங்கிய கடைகளில் வரிசை நின்றது. நெடுங்காலம் நம்பியிருந்த விளைச்சல் குறியீட்டை இனி வெளியிடப் போவதில்லை என்றும் அறிவித்தார்.

அமெரிக்காவும் இதற்குள் நுழைந்தது. ஜப்பான் எங்கள் அரிசியை வாங்க மறுக்கிறது என்று அதிபர் டிரம்ப் குறை சொன்னார். ஜப்பான் ஆண்டுக்குச் சுமார் 7.7 லட்சம் டன் அரிசியை வரியில்லாமல் இறக்குமதி செய்ய ஒப்புக்கொண்ட நாடு. அதற்கு மேல் வந்தால் கிலோவுக்கு 341 யென் வரி. உள்நாட்டு விலை ஏறியதில், அந்த வரியைக் கட்டியும் நிறுவனங்கள் வெளிநாட்டு அரிசியைக் கொண்டுவந்தன. ஜூலையில் முடிந்த வர்த்தக ஒப்பந்தத்தில், வரியில்லா அளவைக் கூட்டாமல் அதற்குள் அமெரிக்காவின் பங்கை 75 சதவீதம் உயர்த்த ஜப்பான் சம்மதித்தது.

2025 ஜூலை 20 மேலவைத் தேர்தலில் ஆளும் கூட்டணி பெரும்பான்மை இழந்தது. ஓரிடத் தொகுதிகள் 32-ல் லிபரல் ஜனநாயகக் கட்சிக்குக் கிடைத்தது 14. அதற்கு முந்தைய 2022 தேர்தலில் 28. அரிசி மட்டும் காரணம் இல்லை. பொதுவான விலைவாசி, வெளிநாட்டவர் குடியேற்றம் பற்றிய சர்ச்சை, கட்சி நிதி முறைகேடு எல்லாம் சேர்ந்தன. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் தினமும் தெரிந்த விலை அரிசியின் விலை.

ஆகஸ்டில் பிரதமர் ஷிகெரு இஷிபா, அரசு தேவையைத் தவறாகக் கணித்ததை ஒப்புக்கொண்டு, இனி உற்பத்தியைப் பெருக்கும் வழிக்குத் திரும்புவோம் என்றார். அரை நூற்றாண்டுக் கொள்கைக்கு முற்றுப்புள்ளி என்று தலைப்புச் செய்திகள் வந்தன. செப்டம்பரில் அவர் பதவி விலகலை அறிவித்தார். அக்டோபரில் சனாயே தகாய்ச்சி பிரதமரானார். புதிய வேளாண் அமைச்சர் நொரிகாசு சுசுகி, அதே அமைச்சகத்தில் அதிகாரியாக இருந்தவர். நெல் விளையும் யமகாத்தா மாகாணத்தின் எம்.பி. தேவைக்கு ஏற்ற உற்பத்தி என்பதே கொள்கை என்றார். 2025-ல் சுமார் 75 லட்சம் டன் விளைந்தது. 2026-க்கு அமைச்சகம் வைத்த அளவு 71 லட்சம் டன். பெருக்குவோம் என்று சொன்ன சில மாதங்களிலேயே குறைக்கும் கணக்கு மேசைக்கு வந்துவிட்டது.

இதை ஏமாற்று என்று மட்டும் சொல்லிவிட முடியாது. வணிகர்களோடு போட்டி போட்ட கூட்டுறவு, 2025 அறுவடைக்குப் பல மாகாணங்களில் 60 கிலோவுக்கு 30,000 யென்னை ஒட்டி முன்பணம் கொடுத்திருந்தது. கடையில் 5 கிலோ மீண்டும் 4,000 யென்னைத் தாண்டியது. விளைச்சல் கூடி விலை சரிந்தால் அடுத்த ஆண்டு அந்த விவசாயிக்கு என்ன பாதுகாப்பு? அதற்கு விடை இல்லாமல் பெருக்கு என்று சொல்வதும் பொறுப்பில்லாத பேச்சுதான்.

விலையா, வருமானமா?

ஜப்பான் ஒருமுறை வேறு வழியை முயன்றதுண்டு. எதிர்க்கட்சியாக இருந்த ஜனநாயகக் கட்சி 2007 மேலவைத் தேர்தலில் விவசாயக் குடும்பங்களுக்கு நேரடி வருமான ஈடு தருவதாகச் சொல்லிக் கிராமத் தொகுதிகளை வாரிச் சென்றது. 2009-ல் ஆட்சிக்கு வந்து, 2010 முதல் நெல்லுக்குக் கால் ஏக்கருக்கு 15,000 யென் கொடுத்தது. ஆனால் பரப்புக் குறைப்பில் சேர்ந்தவர்களுக்கு மட்டும். ஆட்சி மாறியது, 2014-ல் தொகை பாதியானது, 2018-ல் நின்றது. பணம் கூட்டுறவு வழியாக அல்லாமல் நேராக விவசாயி கணக்குக்குப் போனதால் ஊர் அரசியலின் சமநிலை மாறும் என்ற அச்சமும் அதற்குப் பின்னால் இருந்தது என்பது அந்த நாட்டு ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

நான் முன்னால் மனதில் வைக்கச் சொன்ன விவரத்தை இப்போது எடுங்கள். கூட்டுறவில் விவசாயி அல்லாத உறுப்பினர் அதிகம். அதன் பலம் வங்கியிலும் காப்பீட்டிலும் இருக்கிறது. அப்படிப்பட்ட அமைப்புக்கு உறுப்பினர் எண்ணிக்கை முக்கியம். பத்துச் சிறு விவசாயிகளின் நிலம் ஒரு பெரிய பண்ணைக்குப் போனால் உறுப்பினர் பத்திலிருந்து ஒன்றாகும். விலையை உயர்த்திப் பிடித்தால் பத்துப் பேரும் நிலத்தை விடாமல் இருப்பார்கள். இதில் சதி எதுவும் தேவையில்லை. அமைப்பின் நலன் அந்தப் பக்கம் இழுக்கிறது, அவ்வளவுதான்.

மறுபக்கமும் உண்டு. மலைச்சரிவில் சின்னச் சின்னத் தளங்களாக இருக்கும் வயலைப் பெரிய பண்ணை எடுத்துக்கொள்ளாது. அந்தச் சிறு விவசாயிகள் போனால் வாய்க்கால் தூர் வாரவும், வரப்பு கட்டவும், கோயில் திருவிழா நடத்தவும் ஆளில்லை. ஊரே மறையும். கைவிடப்பட்ட விளைநிலம் 2015 கணக்கெடுப்பிலேயே 4.2 லட்சம் ஹெக்டேர். பெரிய பண்ணைதான் தீர்வு என்று டோக்கியோவிலிருந்து சொல்பவர்களுக்கு இந்த ஊர்கள் தரும் பதில் எளிதில் தள்ளக்கூடியது இல்லை.

இந்தக் கதையிலிருந்து மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, விளைச்சல் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. ஜப்பானில் வயல் எடை சரியாக இருந்தும் ஆலையில் பற்றாக்குறை பிறந்தது. விரிவாக்கப் பணியாளர்கள் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று கேட்பதோடு, அரவையில் எவ்வளவு தேறியது, குருணை எவ்வளவு என்றும் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். ஜப்பானில் இப்போது நடவைத் தள்ளி வைத்துக் கதிர் வரும் நாளைக் கடும் வெயிலிலிருந்து விலக்குகிறார்கள். மணி முற்றும் காலத்தில் நீர் மறித்து வயலைக் குளிர்விக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் தழைச்சத்து வற்றிவிடாமல் பார்க்கிறார்கள். வெப்பம் தாங்கும் ரகங்களுக்கு மாறுகிறார்கள்.

இரண்டாவது, விலைப் பாதுகாப்பும் வருமானப் பாதுகாப்பும் வேறு வேறு. விலையை உயர்த்திப் பிடித்தால் விற்பனைக்கு அதிக மூட்டை வைத்திருப்பவருக்கு அதிகப் பணம், வாங்கும் ஏழைக்கு அதிகச் சுமை. வருமானத்தை நேரடியாகக் காத்தால் சுமை வரி கட்டுவோர் மேல் விழும். யாருக்கு எவ்வளவு என்பது வெளிச்சத்தில் இருக்கும். எந்த வழி என்றாலும் செலவு உண்டு. அதை யார் கட்டுகிறார் என்று கேளுங்கள்.

மூன்றாவது, ஒரு கொள்கை வெற்றியா என்று அளக்க விவசாயியின் வயதைப் பாருங்கள். ஜப்பானில் ஓட்டு காக்கப்பட்டது, கூட்டுறவு வளர்ந்தது, நெடுங்காலம் விலையும் ஓரளவு நின்றது. 2024-ல் அந்த வயல்களில் நின்றவர்களின் சராசரி வயது 69. இன்னும் பத்தாண்டில் அவர்கள் டிராக்டரை விட்டு இறங்கும்போது, அந்த இருக்கையில் ஏற ஓர் இளைஞருக்கு என்ன வருமானம் உறுதி என்ற கேள்விக்கு 2025-ன் மூன்று வேளாண் அமைச்சர்களில் எவரும் முழு விடை சொல்லவில்லை. அடுத்த முறை ஜப்பானில் அரிசி விலை பற்றிச் செய்தி வந்தால், விலையைப் பார்த்துவிட்டு இந்த விடை வந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.